அசையாமல் நிற்க முயலும் குரல்

பாரிஸ் நகரில் இர்காம் என்றொரு இசை ஆய்வு மையம் இருக்கிறது. 1979 வாக்கில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இசையமைப்பாளர் ஜான் சௌனிங் அங்கே தங்கி, கணினியைப் பாடவைக்கும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார். அந்தத் தேடலை விளக்க அவர் உருவாக்கிய சிறு ஒலித்துண்டுக்கு மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் ஒரே ஒரு அதிர்வெண் மட்டும் ஒலிக்கிறது. தட்டையான, உயிரற்ற ஒலி. இரண்டாவதில் அதன்மேல், அந்த அதிர்வெண்ணின் மடங்குகளான மேற்சுரங்கள் சேர்கின்றன. ஒரு பெண் ஒரு உயிரெழுத்தை இழுத்துப் பாடும்போது எந்த மேற்சுரம் எவ்வளவு வலுவாக இருக்குமோ அதே அளவில் சேர்கின்றன. கணக்குப்படி இப்போது குரல் கேட்டிருக்க வேண்டும். கேட்பதில்லை. ஏதோ மின்கருவி ஒலிக்கிறது என்றுதான் காது சொல்கிறது. மூன்றாம் கட்டத்தில் சௌனிங் அந்த அதிர்வெண்கள் எல்லாவற்றையும் சேர்த்து, நொடிக்கு ஐந்தாறு முறை, லேசாக மேலும் கீழும் அசைத்தார். அசைவு முழு ஒழுங்கோடு இல்லாமல் கொஞ்சம் பிசிறோடு இருக்கும்படி பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான். ஒலிபெருக்கியில் ஒரு பெண் பாடத் தொடங்கிவிடுகிறாள்.

முதல்முறை கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். மூச்சு, நாக்கு, உதடு எதையும் அவர் சேர்க்கவில்லை. இரண்டாம் கட்டத்திலிருந்து மூன்றாம் கட்டத்துக்கு வந்து சேர்ந்தது அசைவு மட்டுமே. 1981இல் அவர் அமைத்த 'ஃபோனே' என்ற படைப்பு இந்தக் கண்டுபிடிப்பின்மேல் எழுந்தது.

இதையே ஸ்டீஃபன் மெக்ஆடம்ஸ் இன்னொரு திசையில் கொண்டுபோனார். ஓபோ என்பது நம் நாகஸ்வரத்தைப் போலவே இரட்டைச் சீவாளி கொண்ட ஐரோப்பியக் குழல். அதன் ஒரு சுரத்தைக் கணினியில் பிரித்து, ஒற்றைப்படை மேற்சுரங்களுக்கு ஒருவித அசைவையும் இரட்டைப்படை மேற்சுரங்களுக்கு வேறுவித அசைவையும் கொடுத்தார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு வாத்தியம் இரண்டாகப் பிளக்கிறது. கீழே கிளாரினெட்டை ஒத்த ஒலி. அதற்கு ஒரு ஸ்தாயி மேலே ஏறக்குறைய ஒரு பெண்ணின் குரல். சேர்ந்து அசைபவற்றை நம் மூளை ஒரே பொருளிலிருந்து வருபவை என்று கட்டிவிடுகிறது. வேறு வேறாக அசைந்தால் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுகிறது. ஒரே தொண்டையிலிருந்து வரும் மேற்சுரங்கள் ஒருபோதும் தனித்தனியாக அசைய முடியாது. அதனால்தான் ஒருமித்த அந்தச் சிறு அசைவு, இது ஓர் உயிரின் குரல் என்பதற்கு நம் காதுக்குச் சாட்சியாகிறது.

மேற்கத்தியப் பாடகர்கள் இந்த அசைவை வைப்ராட்டோ என்கிறார்கள். அந்தப் பாணியில் குரல் பயிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டத்தில் அது வேண்டும் என்ற ஆசை வருகிறது. எப்படி வரவழைப்பது என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில்தான் சிக்கல் தொடங்குகிறது. நல்ல வைப்ராட்டோவைப் பாடகர் கை வைத்துச் செய்வதில்லை. சுரத்தை அசையாமல் நிறுத்த உடல் ஓயாமல் எடுக்கும் முயற்சிதான் வெளியே அசைவாகக் கேட்கிறது. எனக்கு இந்தத் துறையில் இதைவிட வியப்பான செய்தி வேறில்லை.

முதலில் அதன் அளவுகளைப் பார்ப்போம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் கார்ல் சீஷோர் என்ற உளவியலாளர் 1920களிலும் 30களிலும் தன் மாணவர்களோடு பாடகர்களின் ஒலியைப் படச்சுருளில் பதிந்து, அலை அலையாக அளந்தார். கணினி இல்லாத காலம். ஒரு பாட்டை அளந்து முடிப்பதே பெரும் உழைப்பு. தேர்ந்த பாடகர்களின் ஏறத்தாழ எல்லாச் சுரங்களிலும் அசைவு இருந்தது. அசையாமல் நிற்பதாகக் காது சத்தியம் செய்யும் சுரங்களிலும் இருந்தது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் இடங்களில்கூட இருந்தது. வேகம் நொடிக்கு ஆறு, ஆறரை முறை.

1990களில் ஸ்டாக்ஹோமில் எரிக் ப்ராமே என்பவர், ஷூபர்ட்டின் 'ஆவே மரியா' பாடலைப் பத்துப் பாடகர்கள் பாடிய பதிவுகளை எடுத்து நவீனக் கருவிகளால் அளந்தார். சராசரி வேகம் நொடிக்கு 6 முறை. வீச்சு, நடுச்சுரத்திலிருந்து மேலே 71 சென்ட், கீழே 71 சென்ட். ஷட்ஜத்திலிருந்து சுத்த ரிஷபம் வரை உள்ள தூரம் 100 சென்ட் என்று வைத்துக்கொண்டால் இது எவ்வளவு பெரிய ஊசலாட்டம் என்பது விளங்கும். மொத்த வீச்சு ஒரு அரைச்சுரத்தையே தாண்டுகிறது. சில சுரங்களில் அது மேலும் கீழும் 120 சென்ட்டைத் தொட்டது. ஆனால் அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்குச் சுருதி விலகியதாகவே தோன்றுவதில்லை. மேல் நுனியையும் கீழ் நுனியையும் காது விட்டுவிடுகிறது; இரண்டுக்கும் நடுவில் உள்ள சராசரியைத்தான் சுருதியாக எடுத்துக்கொள்கிறது. ஸ்டாக்ஹோமின் யோஹான் சுண்ட்பெரி இதைச் செயற்கைக் குரல்களை வைத்துச் சோதித்துக் காட்டியிருக்கிறார். அசையும் சுரத்தின் சுருதியையும் அசையாத சுரத்தின் சுருதியையும் பயின்ற காது ஏறத்தாழ ஒரே துல்லியத்தோடு சொல்லிவிடுகிறது.

வேகம்தான் இங்கே மாயம் செய்கிறது. நொடிக்கு நான்கு, நாலரை என்று இறங்கினால் காதுக்கு ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் தனியாகக் கேட்கும். குரல் தள்ளாடுகிறது என்போம். எட்டைத் தொட்டால் பதற்றமான கத்தலாகிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் அதை ஆட்டுக்குட்டியின் குரல் என்றே பெயரிட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள் வரும்போது, அசைவு அசைவாகக் கேட்பது நின்று, குரலின் கனமாகவும் வெப்பமாகவும் மாறிவிடுகிறது.

இதில் தொனிக்கும் பங்கு உண்டு. அடிப்படைச் சுரம் 10 ஹெர்ட்ஸ் நகர்ந்தால், அதைப்போல் பத்து மடங்கு அதிர்வெண் உள்ள மேற்சுரம் 100 ஹெர்ட்ஸ் நகர்கிறது. வாயும் தொண்டையும் சேர்ந்த குழாயின் ஒத்ததிர்வு இடங்களோ நகராமல் நிற்கின்றன. ஆகவே ஒவ்வொரு ஊசலிலும் சில மேற்சுரங்கள் ஒத்ததிர்வு இடத்துக்குள் புகுந்து வலுக்கின்றன. சில வெளியேறி மெலிகின்றன. நொடிக்கு ஆறு முறை குரலின் தொனியே மாறி மாறி மின்னுகிறது. நாம் செழுமை என்று உணர்வதில் பாதி இதுதான் என்பது என் எண்ணம்.

இனி தொண்டைக்குள் போவோம். குரல்வளைக்குள் இரண்டு குரல்நாண்கள் இருக்கின்றன. மூச்சு அவற்றின் இடையே பாயும்போது அவை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை மூடித் திறக்கின்றன. அவற்றின் விறைப்பை மாற்றுவதில் இரண்டு தசைகளுக்கு முக்கியப் பங்கு. கிரைக்கோதைராய்டு என்ற தசை குரல்வளையின் குருத்தெலும்பைச் சாய்த்து நாண்களை இழுத்து நீட்டுகிறது, சுருதி ஏறுகிறது. குரல்நாணின் உடலாகவே அமைந்திருக்கும் தைரோஅரிட்டினாய்டு தசை, நாணைச் சுருக்கி அந்த இழுப்பை எதிர்க்கிறது. ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்துவது என்றால் இந்த இரண்டும் சமபலத்தில் இழுத்துக்கொண்டிருப்பது. தசையில் நுண்ணிய மின்முனையைச் செருகிப் பார்த்த ஆய்வுகளில், குரலின் சுருதி ஏறி இறங்குவதற்கு இசைவாகக் கிரைக்கோதைராய்டின் மின் செயல்பாடும் ஏறி இறங்குவது தெரிந்தது.

சமபலம் சிறிது பிசகினால் உடல் உடனே திருத்துகிறது. நாண் நீண்டதைத் தசைக்குள் இருக்கும் உணர்வி நரம்புக்குச் சொல்கிறது. நரம்பு மூளைத்தண்டுக்குப் போய்த் திரும்பி வந்து தசையைச் சுருங்கச் சொல்கிறது. ஆனால் செய்தி போய் வரக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. தசை சுருங்கி முடிக்க இன்னும் கொஞ்ச நேரம். வெந்நீர்க் குழாயும் தண்ணீர்க் குழாயும் சேர்ந்து வரும் ஷவரின் கீழ் நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் சில்லென்று இருக்கிறது என்று வெந்நீரைத் திறக்கிறார். குழாயின் நீளத்தைக் கடந்து வெந்நீர் வந்து சேர்வதற்குள் இன்னும் திருகிவிடுகிறார். சுட்டதும் பதறி மூடுகிறார், மறுபடி சில்லிடுகிறது. அவர் விரும்புவது நடுச்சூடு. கிடைப்பது இரண்டுக்கும் இடையே ஓர் ஊசலாட்டம். அந்த ஊசலின் வேகத்தை முடிவு செய்வது அவருடைய அவசரம் இல்லை. திருகுக்கும் நீருக்கும் இடையே உள்ள தாமதம்.

நொடிக்கு ஆறு ஊசல் என்றால் ஏற ஏறத்தாழ 80 மில்லிநொடி, இறங்க அதே அளவு. நரம்புச் செய்தியின் பயணமும் தசையின் மந்தமும் சேர்ந்தால் வரும் தாமதம் இந்த வரிசையில்தான் இருக்கிறது. அமெரிக்கக் குரல் விஞ்ஞானி இங்கோ டிட்ஸவும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஒரு மாதிரி, எதிரெதிராக இழுக்கும் இரண்டு தசைகளையும் தாமதமுள்ள ஓர் அனிச்சைச் சுற்றையும் மட்டும் வைத்துக்கொண்டு, நிஜக் குரலின் வேகத்திலேயே வைப்ராட்டோ பிறப்பதைக் காட்டியது.

காதும் ஒரு சுற்று. சார்ல்ஸ் லார்சனின் குழு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனைகளில், ஒருவர் ஒரே சுரத்தில் குரல் கொடுக்கிறார். அவருடைய குரலே ஹெட்ஃபோன் வழியாக அவருக்குக் கேட்கிறது. நடுவில் கணினி அதைத் திருட்டுத்தனமாகச் சிறிது ஏற்றிவிடுகிறது. பத்தில் ஒரு நொடி கடந்ததும் அவர் குரல் தானாக இறங்குகிறது. பல நேரங்களில் பாடுபவருக்கே இது தெரிவதில்லை. 2003இல் இதே குழு, திரும்பிக் கேட்கும் குரலை வெவ்வேறு வேகங்களில் அசைத்துப் பார்த்தது. நொடிக்கு நான்கு முதல் ஏழு முறை அசைத்தபோதுதான் தொண்டையின் பதில் ஓங்கி எழுந்தது. வைப்ராட்டோவின் வேகமும் இந்த எல்லைக்குள்தான் வருகிறது. தசையின் சுற்றும் காதின் சுற்றும் சேர்ந்துதான் இந்த அசைவைத் தாங்கிப் பிடிக்கின்றன என்று கருத இடமிருக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால், புதிதாகப் பாட வருகிறவருக்கு ஏன் இது வருவதில்லை என்பதும் விளங்கும். சுரம் தப்பிவிடுமோ என்ற அச்சத்தில் அவர் தொண்டையின் எல்லாத் தசைகளையும் இறுக்கிப் பிடிக்கிறார். இரண்டு தசைகளும் விறைத்து நின்றால் அனிச்சைச் சுற்று சுழல இடமில்லை. குரல் நேராக, கொஞ்சம் கூர்மையாக வரும். மறுபக்கம், மூச்சு பலவீனமாக இருந்து தசைகள் தளர்ந்து கிடந்தால் சுற்றுக்கு வலு இல்லை. அசைவு எழுந்தாலும் அகலமாக, மந்தமாகத் தள்ளாடும். இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் நடுவே ஒரு சமநிலை இருக்கிறது. தேர்ந்த ஆசிரியர்கள் வைப்ராட்டோவைப் பற்றி அதிகம் பேசாமல் அந்தச் சமநிலையைத் தேடித்தான் மாணவரை நடத்துகிறார்கள்.

அவர்கள் முதலில் கை வைப்பது மூச்சில். பாடும்போது விலா எலும்புகள் சட்டென்று சரிந்துவிடாமல் விரிந்தபடியே இருக்க, காற்றைச் சிக்கனமாக விடப் பழக்குகிறார்கள். இத்தாலிய மரபு இதை அப்போஜ்ஜோ என்கிறது. அடுத்தது சுரத்தைத் தொடங்கும் விதம். 'ஆ' என்று குறுகிய சுரங்கள், ஒவ்வொன்றுக்கும் புது மூச்சு. தொடக்கத்தில் தொண்டையில் அடிபட்டதுபோல் ஓசை வரக்கூடாது, காற்று முன்னால் கசியவும் கூடாது. பார்ப்பதற்குக் குழந்தை விளையாட்டுப் போலிருக்கும் இந்தப் பயிற்சியை ஓபரா பாடகர்கள் வாழ்நாள் முழுக்கச் செய்கிறார்கள். பிறகு வேகமான வரிசைகள்: ஐந்து சுரங்களை ஏறி இறங்கி ஓடுதல். பூட்டிக் கிடக்கும் தொண்டையால் வேகமாக ஓட முடியாது. ஓடப் பழகும்போது பூட்டு திறக்கிறது.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது மெஸ்ஸா தி வோச்சே. ஒரே மூச்சில், ஒரே சுரத்தை மிக மெல்லத் தொடங்கி, படிப்படியாக உரத்ததாக்கி, மறுபடி மெலிந்து மறையச் செய்வது. பல நூற்றாண்டுப் பழமை கொண்ட இந்தப் பயிற்சிக்குள் ஒளிந்திருக்கும் இயற்பியல் நேர்த்தியானது. உரக்கப் பாட நுரையீரலின் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். அழுத்தம் கூடினால் சுருதி தானாக ஏறப் பார்க்கும். ஏறவிடாமல் நிறுத்த, குரல்வளைத் தசைகள் கணத்துக்குக் கணம் தங்கள் இழுப்பைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். நாம் மேலே பார்த்த அந்தத் திருத்தும் சுற்றுக்கு இதைவிட நல்ல பயிற்சி இருக்க முடியாது. பழைய இத்தாலிய ஆசிரியர்களுக்கு நரம்பியல் தெரியாது. அவர்கள் காதுக்குத் தெரிந்திருக்கிறது.

இப்படிப் பயிலும்போது ஒருநாள், பெரும்பாலும் குரலுக்கு வசதியான நடுஸ்தாயியில், 'ஆ' போன்ற திறந்த உயிரெழுத்தில், ஒரு நீண்ட சுரத்தின் கடைசியில் அசைவு முதலில் தலைகாட்டும். சிலருக்குச் சில மாதங்களில் வரும், சிலருக்கு ஆண்டுகள் ஆகும். வந்ததைத் துரத்தினால் மறைந்துவிடும்.

அதனால் குறுக்கு வழிகளைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. வயிற்றை உந்தி உந்தி விட்டால் காற்றழுத்தம் ஏறி இறங்கி ஒருவித அசைவு கிடைக்கும். தாடையை ஆட்டினாலும், நாக்கின் அடியை அசைத்தாலும் கிடைக்கும். கண்ணாடி முன் நின்று பாடினால் தாடை ஆடுவது தெரிந்துவிடும். மோவாய்க்கு அடியில் விரல் வைத்தால் நாக்கின் துடிப்பு தட்டுப்படும். இன்னொரு சோதனையும் உண்டு. செய்து காட்டும் அசைவை நினைத்த வேகத்துக்கு ஏற்றலாம், இறக்கலாம். தானாக எழும் அசைவு அப்படி ஏவலுக்குக் கட்டுப்படாது. உணர்ச்சி மிகும்போது சற்று விரையும், முயன்றால் சிறிது மாறும். அதற்கு மேல் நரம்பின் தாமதம் விடுவதில்லை. மெல்லிசைப் பாடகர்கள் சிலர் ஒலியின் உரத்தை மட்டும் ஏற்றி இறக்கி ஓர் அழகிய அசைவைத் தருகிறார்கள். அது வேறு பாணி, அதற்கு அதற்குரிய இடம் உண்டு. ஆனால் அதை இதற்கான படிக்கட்டாக எண்ணிப் பயின்றால் தொண்டை தவறான பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளும், பிறகு அவிழ்ப்பது கடினம்.

பயிற்சி உண்மையில் என்ன செய்கிறது என்பதற்கு ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்து ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நல்ல சான்று. இசைக் கல்லூரி மாணவர்களைப் படிப்பின் தொடக்கத்திலும் மூன்று ஆண்டுகள் கழித்தும் அளந்தார்கள். நொடிக்கு 5.2க்குக் கீழே மந்தமாக அசைந்த குரல்கள் வேகம் கூடியிருந்தன, 5.8ஐத் தாண்டி விரைந்த குரல்கள் நிதானப்பட்டிருந்தன. இரு கரைகளிலிருந்தும் குரல்கள் நடுவை நோக்கி நகர்ந்திருந்தன.

நம் ஊர்ப் பாட்டு வாத்தியாரிடம் இதையெல்லாம் சொன்னால் அவர் முகம் சுளிக்கக்கூடும். கர்நாடக இசை பயிலும் பிள்ளை ஷட்ஜத்தைப் பிடித்து நிறுத்தும்போது அது ஆடாமல் நிற்க வேண்டும். ஷட்ஜமும் பஞ்சமமும் அசைவில்லாத சுரங்கள். அவற்றில் நடுக்கம் தெரிந்தால் சுருதி சுத்தம் போயிற்று. அதே பிள்ளை தோடியின் காந்தாரத்தைப் பாடும்போது அதை ஆட்டித்தான் ஆக வேண்டும். ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடாத காந்தாரம் தோடிக்கு உதவாது. கம்பிதம் எனப்படும் இந்த ஆட்டத்தையும் வைப்ராட்டோவையும் ஒன்றென்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கம்பிதத்தின் ஒவ்வோர் ஆட்டமும் ராகம் அறிந்து, எங்கே தொடங்கி எந்தச் சுரத்தைத் தொட்டுத் திரும்புகிறது என்று குருவிடம் கேட்டுக் கற்றது. வீணையில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: மெட்டின்மேல் தந்தியை இழுத்து விடும் விரல் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் சுரம் போகிறது. வைப்ராட்டோவுக்கு ராகம் தெரியாது. சுரம் எதுவானாலும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் அசையும்.

ஆனால் இரண்டுக்கும் வேலை செய்வது அதே இரண்டு தசைகள். மேற்கில் அனிச்சைச் சுற்றைத் தடையின்றிச் சுழல விடுகிறார்கள். இங்கே ஷட்ஜத்தில் அதை அடக்கவும், காந்தாரத்தில் நினைத்தபடி தசையைச் செலுத்தவும் ஒரே குரலைப் பழக்குகிறார்கள். இரண்டு பயிற்சியையும் ஒரே நேரத்தில் எடுக்கும் இளம் பாடகர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு வகுப்பில் விடச் சொல்வதை இன்னொரு வகுப்பில் பிடிக்கச் சொல்கிறார்கள் என்று குழம்பவேண்டாம். எந்தப் பாணியில் பாடுகிறோமோ அதன் காது வேண்டும். தேவைப்பட்டபோது குரலை நேராக நிறுத்தவும் தேவைப்பட்டபோது விடவும் தெரிந்த தொண்டைதான் ஆரோக்கியமான தொண்டை.

மேற்கிலும் இந்த அசைவின் மதிப்பு எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. மொஸார்ட் 1778 ஜூன் 12 அன்று பாரிஸிலிருந்து தந்தைக்கு எழுதிய கடிதத்தில் மெய்ஸ்னர் என்ற பாடகரைக் குறை சொல்கிறார்: வேண்டுமென்றே குரலை நடுங்கவைக்கிறாராம். மனிதக் குரல் இயல்பாகவே அளவோடு நடுங்குகிறது, அதுதான் அழகு, வாத்தியங்கள்கூட அதைத்தான் பின்பற்றுகின்றன, அளவு மீறினால் இயற்கைக்கு விரோதமாகிவிடுகிறது என்பது அவர் வாதம். அளவுகருவி எதுவும் இல்லாமல், தானாக எழுவதையும் செய்து காட்டுவதையும் அந்த இருபத்திரண்டு வயது இளைஞர் பிரித்துக் கேட்டிருக்கிறார். அவருடைய தந்தை லியோபோல்ட் 1756இல் எழுதிய வயலின் நூலிலேயே, ஒவ்வொரு சுரத்தையும் காய்ச்சல் வந்தவர்போல் நடுங்க வாசிப்பவர்களைக் கண்டித்திருக்கிறார்.

ஒலிப்பதிவு வந்த பிறகு நமக்குக் கண்ணெதிரே சான்று இருக்கிறது. உயர்ந்த பெண் குரலான சொப்ரானோவின் நூறாண்டுக் காலப் பதிவுகளை அளந்த இசிடோரோ ஃபெரான்டே 2011இல் சொன்னது: வேகம் படிப்படியாகக் குறைந்திருக்கிறது, வீச்சு அகன்றிருக்கிறது. தொடக்ககால இசைத்தட்டுகளில் ஓபரா குரல்கள் இன்றைய காதுக்குப் படபடப்பாகக் கேட்பது தட்டின் கோளாறால் மட்டும் இல்லை. உடலின் தாமதம் நூறாண்டில் மாறாது. மாறியது பயிற்சியும் ரசனையும். உடல் விட்டுக்கொடுக்கும் சிறிய இடைவெளிக்குள் எந்த அளவைப் போற்றுவது என்பதைக் காலம் தீர்மானித்திருக்கிறது. சேர்ந்திசையில் கணக்கே வேறு: நாற்பது பேர் நாற்பது விதமாக அசைந்தால் சுரக்கூட்டு மங்கிவிடும். அமெரிக்காவின் நால்வர் பாடும் பார்பர்ஷாப் பாணியில் குரல்களை நேராக நிறுத்துவதற்குக் காரணம் இதுதான். நான்கு குரல்களின் மேற்சுரங்கள் பிசகாமல் பொருந்தி ஒலிப்பதுதான் அங்கே அழகு.

வயதும் தன் பங்கைக் கேட்கிறது. மூச்சுத் தசைகளும் குரல்வளைத் தசைகளும் வலுவிழக்கும்போது அசைவு மந்தமாகி அகல்கிறது. புகழ்பெற்ற குரல்கள் அறுபதைத் தாண்டித் தள்ளாடுவதை நாம் கேட்டிருக்கிறோம். அப்போதும் கைகொடுப்பவை அதே தொடக்கப் பயிற்சிகள்தாம்: குறுகிய சுரங்கள், வேக வரிசைகள், மெஸ்ஸா தி வோச்சே. பாடும்போது மட்டுமின்றிச் சாதாரணமாகப் பேசும்போதும் குரல் நடுங்கினால் அது வேறு விஷயம். நரம்பு சார்ந்த நடுக்கமாக இருக்கலாம், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

தன் குரல் என்ன செய்கிறது என்பதைப் பார்க்க இன்று யாருக்கும் ஆய்வகம் தேவையில்லை. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய ப்ராட் என்ற மென்பொருள் இலவசம். கைப்பேசியில் 'ஆ' என்று வசதியான ஒரு சுரத்தை ஐந்தாறு நொடி இழுத்துப் பதிவு செய்யுங்கள். அதை ப்ராட்டில் திறந்தால் சுருதி ஒரு கோடாக விரியும். நடுவில் ஒரு நொடியை எடுத்துக்கொண்டு அந்தக் கோட்டின் மேடுகளை எண்ணுங்கள். அதுதான் உங்கள் வேகம். தொடக்க மாணவரின் கோடு பெரும்பாலும் ஒழுங்கற்றுக் கிறுக்கலாக இருக்கும். அதில் எங்கோ இரண்டு மூன்று மேடுகள் சீராக வந்திருந்தால் அதுவே நல்ல செய்தி. எண்ணைப் பார்த்து அதை ஏற்றவோ இறக்கவோ முயலவேண்டாம். ஒரு மாத இடைவெளியில் அதே சுரத்தை, அதே உரத்தில் மறுபடி பதிந்து, கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். மேடுகள் ஒரே உயரத்துக்கு வருகின்றனவா, இடைவெளி சமமாகிறதா, அசைவு சுரத்தின் கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கி நகர்கிறதா என்பவைதாம் கவனிக்க வேண்டியவை.